வண்டியை உயர்த்தியாச்சு... ஸ்டாண்டு என்னாச்சு?

எழும்பூர் ரயில் நிலையத்தில் இறங்கி கூவம் ஆற்றுப் பக்கமாக நடப்பவர்களுக்கு, புதுப்பேட்டை வந்துவிட்டதை முதலில் சொல்வது மூக்குதான். பழைய இன்ஜின் ஆயில், கிரீஸ், கிரைண்டரில் தேய்ந்து சூடான இரும்பு, நடுவில் எங்கிருந்தோ மசாலா டீ. இந்த நான்கும் கலந்த ஒரு வாசனை ஆதித்தனார் சாலையின் சந்துகளில் காலை பத்து மணிக்கே நிரம்பிவிடும்.

அடுத்து கண்ணுக்கு வேலை. ஒரு கடை வாசலில் கார் கதவுகள் புத்தகம் அடுக்கியது மாதிரி அடுக்கியிருக்கும். அடுத்த கடையில் சைலன்சர்கள் மட்டும். அதற்கடுத்ததில் பைக் டேங்குகள், ஃபோர்க்குகள், சக்கரங்கள். ஓடி முடித்த வண்டிகளைப் பிரித்து, ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகளுக்குப் பாகம் கொடுக்கிற ஊர் இது. பெங்களூருக்கு ஜே.சி. ரோடு, டெல்லிக்கு கரோல் பாக் என்றால் சென்னைக்கு புதுப்பேட்டை. 2006-ல் வந்த தனுஷ் படத்தால் வெளியூர்க்காரர்களுக்கு இந்தப் பெயர் வேறு மாதிரி பதிந்திருக்கலாம். வண்டி வைத்திருப்பவர்களுக்கோ இது, எங்கும் கிடைக்காத ஒரு போல்ட்டைத் தேடி வரும் கடைசி இடம்.

புதிய பொருள் வேண்டுமென்றால் இங்கிருந்து கொஞ்ச தூரத்தில், அண்ணா சாலையை ஒட்டி ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு இருக்கிறது. யாரும் அப்படி நீட்டிச் சொல்வதில்லை. ஜி.பி. ரோடு என்றால்தான் ஆட்டோக்காரருக்கும் தெரியும். சீட் கவர், ஹேண்டில்பார், விளக்கு, கண்ணாடி என்று பளபளப்பான சாமான்கள் அங்கே. அவற்றைப் பொருத்திய பிறகு ஏதாவது இடித்தாலோ உரசினாலோ வெட்டி ஒட்ட வேண்டியிருந்தாலோ, வண்டி புதுப்பேட்டைப் பக்கம் திரும்பும்.

அப்படித் திரும்பும் வேலைகளில் ஒன்று பார்ப்பதற்கு அற்பமாகத் தெரியும். அதுதான் சைடு ஸ்டாண்டை நீளமாக்குவது.

எதற்காக உயர்த்துகிறார்கள்?

பைக்கின் உயரத்தை ஏற்ற ஆளுக்கு ஒரு காரணம் இருக்கிறது. ஆறடிக்கு மேல் வளர்ந்தவருக்கு முழங்கால் மடங்கி வலிக்கிறது. தெருவுக்கு நான்கு வேகத்தடை உள்ள பேட்டைக்காரருக்கு, இரண்டு பேர் ஏறினாலே வண்டியின் வயிறு இடிக்கிறது. மழைக்காலத்தில் முட்டியளவு தண்ணீரைப் பார்த்தவருக்கு, இன்ஜின் இன்னும் ஒரு சாண் மேலே இருந்தால் தேவலை என்று தோன்றுகிறது. வார விடுமுறையில் மலைக்குக் கிளம்பும் இளைஞர்களுக்கோ கல்லும் பள்ளமும் தாண்ட வேண்டும்.

வழிகளும் பல. பின்பக்கம் நீளமான ஷாக் அப்சார்பர் மாட்டுவார்கள். இருக்கும் ஷாக் அப்சார்பரின் அடியில் இரண்டு இன்ச் நீட்டிப்புத் துண்டு வைப்பார்கள். முன்பக்க ஃபோர்க்கை உயர்த்துவார்கள். பெரிய டயர் போடுவார்கள். எல்லாம் முடிந்து வண்டி கம்பீரமாக நிற்கும், யாராவது அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் வரை.

பிடித்தவர் கையை விட்டு சைடு ஸ்டாண்டில் சாய்த்தால்தான் விஷயம் தெரியும். வண்டி இரண்டு இன்ச் உயர்ந்துவிட்டது. ஸ்டாண்டு பழைய நீளத்திலேயே இருக்கிறது. தரையைத் தேடி அது இன்னும் கீழே போக, கூடவே வண்டியும் இடது பக்கம் படுக்கப் பார்க்கிறது.

வண்டி செய்யும் நிறுவனங்களுக்கு இது தெரியாததல்ல. ஹீரோ நிறுவனத்தின் எக்ஸ்பல்ஸ் 200 வண்டி 2019-ல் சந்தைக்கு வந்தது. அதன் முன் சஸ்பென்ஷன் 190 மி.மீ., பின் சஸ்பென்ஷன் 170 மி.மீ. ஏறி இறங்கும். கரடுமுரடான பாதைப் பந்தயங்களுக்காக அதற்கு ஒரு ராலி கிட்டை நிறுவனமே பிறகு விற்றது. அதைப் பொருத்தினால் முன்பக்கம் 250, பின்பக்கம் 220 மி.மீ. ஆகும். அந்தக் கிட்டில் சஸ்பென்ஷன், டயர், சீட்டோடு இன்னொரு பொருளும் இருந்தது: நீளமான சைடு ஸ்டாண்டு. உயரத்தையும் ஸ்டாண்டையும் அவர்கள் பிரித்துப் பார்க்கவில்லை.

ஒரு பட்டறை, ஒரு அப்பா, ஒரு மகன்

சனிக்கிழமை முற்பகல். சந்தின் முனையில் இருக்கும் வெல்டிங் பட்டறைக்கு ஒரு 150 சிசி பைக்கை இளைஞர் ஒருவர் தள்ளிக்கொண்டு வருகிறார். கூடவே அவருடைய அப்பா. பைக்கின் இடது கண்ணாடி இல்லை. கிளட்ச் லீவர் பாதியில் முறிந்திருக்கிறது.

"இன்னா சார், விழுந்துச்சா?" பட்டறைக்காரர் வண்டியைப் பார்த்தபடியே கேட்கிறார்.

"ஓட்டும்போது விழல பாய். வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு இருந்துச்சு, அப்படியே சாஞ்சிடுச்சு. பேத்தி அப்பதான் அந்தப் பக்கம் விளையாடிட்டு உள்ள வந்தா. ஒரு நிமிஷம் முன்னாடி விழுந்திருந்தா..." அப்பா அதற்கு மேல் சொல்லவில்லை. மகன் தரையைப் பார்க்கிறார்.

பட்டறைக்காரர் யாரையும் திட்டவில்லை. ஷாக் அப்சார்பரின் அடியில் புதிதாக மின்னும் துண்டையும், முன் ஃபோர்க்கையும் பார்க்கிறார். "ரெண்டு இன்ச் ஏத்தியிருக்க. ஏத்துனவன் ஸ்டாண்டப் பத்தி ஒண்ணும் சொல்லலையா தம்பி?"

"இல்லண்ணே. சாயுதுன்னு தெரிஞ்சுது. செங்கல் வெச்சு நிறுத்திட்டு இருந்தேன்."

"செங்கல் வீட்ல இருக்கும். போற இடத்துல?"

வெட்டுவதற்கு முன் அவர் எடுப்பது டேப் அல்ல. சில பிளைவுட் துண்டுகள். மகனை வண்டியைப் பிடிக்கச் சொல்லி, ஸ்டாண்டின் காலுக்கு அடியில் ஒரு துண்டு வைத்துச் சாய்த்துப் பார்க்கிறார். போதவில்லை. இன்னொன்று. பிறகு இன்னொன்று. நான்கு அடி தள்ளி நின்று பின்பக்கமிருந்து பார்க்கிறார். ஹேண்டிலைப் பிடித்து இடமும் வலமும் லேசாக ஆட்டுகிறார். திருப்தியானதும் துண்டுகளை ஒன்றாக அடுக்கி அளக்கிறார். நான்கரை சென்டிமீட்டர்.

"அஞ்சு ஏத்துனதுக்கு நாலரைதானா?" என்கிறார் அப்பா.

"ஏத்துனது ஷாக்குல சார். நமக்கு வேண்டியது ஸ்டாண்டு மாட்டியிருக்கிற இடம் எவ்ளோ ஏறிச்சுன்னுதான். முன்னாடி கொஞ்சம், பின்னாடி கொஞ்சம் ஏறும். நடுவுல அது வேற கணக்கு. அதான் கட்டையை வெச்சுப் பாக்குறது."

சாய்வின் கணக்கு

அவர் கையால் பார்த்ததைக் கணக்காகவும் பார்க்கலாம். பைக்கை நேராக நிமிர்த்திப் பிடித்து ஸ்டாண்டை விரித்தால், அதன் கால் தரையைத் தொடாது. கொஞ்சம் இடைவெளி இருக்கும். அந்த இடைவெளிதான் சாய்வாக மாறுகிறது.

ஒரு வண்டியில் அந்த இடைவெளி 5 செ.மீ., டயரின் நடுவிலிருந்து ஸ்டாண்டின் கால் பக்கவாட்டில் 25 செ.மீ. தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டி சுமார் 11 டிகிரி சாய்ந்து நிற்கும். வண்டியை 5 செ.மீ. உயர்த்தினால் இடைவெளி 10 செ.மீ. ஆகிறது. சாய்வு ஏறக்குறைய 22 டிகிரி. உயரம் கூடியது இரண்டே இன்ச்; சாய்வோ இரு மடங்கு! ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கும் ஹேண்டில்பார் முன்பு 20 செ.மீ. பக்கவாட்டில் வந்தது என்றால் இப்போது 37 செ.மீ. வருகிறது.

சாயச் சாய வண்டியின் எடை டயரை விட்டு ஸ்டாண்டின் மேல் ஏறுகிறது. எடையின் நடுப்புள்ளி ஸ்டாண்டின் காலுக்கு நேர் மேலே நெருங்குகிறது. அந்தக் கோட்டைத் தாண்டினால் விழுவதைத் தவிர வேறு வழியில்லை. தாண்டுவதற்குப் பெரிய சக்தி தேவையில்லை. டேங்கின் மேல் ஒரு பை, ஹேண்டிலில் ஒரு காய்கறிக் கூடை, ஃபுட்ரெஸ்ட்டில் கால் வைத்து ஏறும் ஒரு குழந்தை போதும். 150 கிலோ இரும்பு விழும்போது யார் மேல் என்று பார்க்காது.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. ஏற்றுவது ஏற்றுகிறோம், இன்னும் கொஞ்சம் நீளமாகவே இருக்கட்டும் என்று ஸ்டாண்டை அதிகம் வளர்த்துவிட்டால் வண்டி நட்ட கம்பம் போல நிமிர்ந்து நிற்கும். அழகாக இருக்கும். தரை வலது பக்கம் லேசாகச் சரிந்திருந்தாலோ, பக்கத்து வண்டியை எடுப்பவர் தோள் பட்டாலோ வலது பக்கம் சாய்ந்துவிடும். அந்தப் பக்கம் தாங்க ஸ்டாண்டே கிடையாது. வண்டி நிலையத்தில் வரிசையாகப் பத்து வண்டிகள் ஒன்றின் மேல் ஒன்று சரிவதற்கு இப்படி ஒரு வண்டி போதும்.

வெட்டி ஒட்டுவது எப்படி?

பட்டறைக்காரர் முதலில் ஸ்டாண்டை வண்டியிலிருந்து கழற்றுகிறார். ஸ்பிரிங்கை எடுப்பதில் ஒரு தந்திரம். அது முழுதாக இழுபட்டிருக்கும் நிலையில் அதன் சுருள்களுக்கு நடுவே சிறு வாஷர்களைச் செருகிவிடுகிறார். ஸ்பிரிங் சுருங்க முடியாமல் நீண்டபடியே நிற்க, கொக்கியிலிருந்து எளிதாக வந்துவிடுகிறது. கையில் தெறித்து அடிபடாது.

வண்டியிலேயே வைத்து வெல்டிங் அடித்துவிட முடியாதா? சிலர் அடிக்கிறார்கள். இப்போதைய வண்டிகளில் எலக்ட்ரானிக் சாமான்கள் அதிகம். வெல்டிங் மின்சாரம் அவற்றைக் கெடுத்துவிடலாம். பெட்ரோல் டேங்கும் பக்கத்திலேயே இருக்கிறது. கழற்றிச் செய்வதுதான் முறை.

வெட்டும் இடத்தையும் அவர் பார்த்துத்தான் குறிக்கிறார். மேலே போல்ட் மாட்டும் காதுக்குப் பக்கத்தில் வெட்டினால் பலம் போகும். ஸ்பிரிங் கொக்கியையும் தொடக் கூடாது. கீழே கால் தகட்டுக்குச் சற்று மேலே, நேராக உள்ள பகுதியில் சாக்பீஸ் கோடு. கிரைண்டர் சத்தம். பொறி பறக்கிறது. ஸ்டாண்டு இரண்டு துண்டு.

அடுத்த கட்டத்தில்தான் நல்ல வேலையும் மட்டமான வேலையும் பிரிகின்றன. நடுவில் ஒரு துண்டு வைத்து, முட்டுக்கு முட்டு ஒட்டிச் சுற்றிலும் பூசிவிட்டால் பார்வைக்கு ஒன்றுதான். ஆனால், ஒவ்வொரு முறை வண்டியைச் சாய்க்கும்போதும் அந்த ஒட்டின் மேல்தான் எடை இறங்கும். ஒரு நாள் அங்கேயே முறியும். இந்த ஸ்டாண்டு குழாய் வகை. அதனால் உள்ளே இறுக்கமாகப் போகிற மாதிரி ஒரு கெட்டிக் கம்பியை எடுத்து, இரண்டு பக்கத் துண்டுகளுக்குள்ளும் நன்றாக நுழையும்படி செருகுகிறார். வெளியே அதே கனத்தில் குழாய்த் துண்டு. பிறகுதான் வெல்டிங். எடையை இப்போது உள்ளே இருக்கும் கம்பியும் சேர்ந்து தாங்கும். கெட்டிக் கம்பி ஸ்டாண்டாக இருந்தால், ஒட்டும் முனைகளைச் சரிவாகச் சீவி, வெல்டிங் உள்ளே வரை இறங்கும்படி செய்வார்கள்.

சிவந்த இரும்பைத் தண்ணீரில் முக்கச் சொல்கிறார் மகன். "அவசரப்படாத தம்பி. தண்ணில விட்டா ஒட்டு விறைச்சுப் போகும். காத்துலயே ஆறட்டும். டீ சாப்ட்டு வா."

எல்லா ஸ்டாண்டும் இரும்பு இல்லை. சில வண்டிகளில் அலுமினியக் கலவை. காந்தம் ஒட்டாது. அதற்கு இந்தச் சாதாரண வெல்டிங் பிடிக்காது. ஆர்கான் வெல்டிங் தெரிந்தவரிடம்தான் போக வேண்டும். அதைவிட, நீளமான ஸ்டாண்டாகவே வாங்கிப் போட்டுவிடுவது நல்லது.

உயரம் ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர்தான் கூடியிருக்கிறது என்றால் வெட்டவே வேண்டாம். காலின் அடியில் ஒரு கனமான தகட்டை ஒட்டினால் போதும். தகடு கொஞ்சம் அகலமாக இருந்தால் மண்ணில் புதையாமலும் இருக்கும்.

மாட்டிய பிறகு பார்க்க வேண்டியவை

ஆறிய ஸ்டாண்டுக்குக் கறுப்பு பெயின்ட் அடித்து மாட்டியாகிவிட்டது. அப்பா பர்ஸை எடுக்கிறார். பட்டறைக்காரர் கையைக் காட்டி நிறுத்துகிறார். இன்னும் சோதனை பாக்கி.

முதலில் மடக்கிப் பார்க்கிறார். நீளம் கூடிய ஸ்டாண்டு மடங்கும்போது செயினிலோ சைலன்சரிலோ பின் சக்கரத்தைப் பிடிக்கும் ஆர்மிலோ இடிக்கக் கூடாது. மகனையும் அப்பாவையும் ஏறி உட்காரச் சொல்கிறார். சஸ்பென்ஷன் அமுங்கிய நிலையிலும் இடிக்கவில்லை. இடது பக்கம் வண்டியை நன்றாகச் சாய்த்துப் பார்க்கிறார். மடங்கிய ஸ்டாண்டின் முனை தரையைத் தொடவில்லை.

அடுத்து ஸ்பிரிங். ஸ்டாண்டு கனமாகிவிட்டதால் பழைய ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் பள்ளத்தில் குலுங்கும்போது ஸ்டாண்டு தானாகக் கீழே இறங்கிவிடும். இறங்கிய ஸ்டாண்டோடு இடது பக்கம் திரும்புவது எவ்வளவு ஆபத்து என்பது வண்டி ஓட்டும் எல்லோருக்கும் தெரியும். "ஸ்டாண்டு... ஸ்டாண்டு!" என்று முன்பின் தெரியாதவர்கள்கூட சிக்னலில் கத்திச் சொல்லும் ஊர் இது. அந்தக் குரல்கள் எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கும்.

பல புதிய வண்டிகளில் ஸ்டாண்டு இறங்கியிருந்தால் இன்ஜின் இயங்காதபடி ஒரு சுவிட்ச் இருக்கிறது. ஸ்டாண்டைக் கழற்றி மாட்டிய பிறகு அது வேலை செய்கிறதா என்று பார்ப்பது கட்டாயம். வேலை முடியாத அவசரத்தில் அந்த ஒயரைத் துண்டித்து நேராக ஒட்டிவிடும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அப்படிச் செய்யச் சொல்வதும் செய்ய விடுவதும் தவறு.

நடு ஸ்டாண்டு இன்னொரு சங்கதி. வண்டி உயர்ந்த பிறகு அது போட்டாலும் பின் சக்கரம் தரையை விட்டு எழும்பாது. பஞ்சர் ஒட்டும்போதுதான் பலருக்கு இது தெரியவரும்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்த வேலைகளுக்கு ஒரு எல்லை உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரம் உற்பத்தியாளர் கொடுத்த அசல் விவரத்திலிருந்து மாறிப்போகும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. எனவே, வண்டியை உயர்த்த நினைப்பவர்கள் முதலில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்வதும், காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிப்பதும் புத்திசாலித்தனம். தெரிவிக்காத மாற்றம், இழப்பீடு கேட்கும் நாளில் கேள்வியாக எழுந்து நிற்கும். வண்டி செய்த நிறுவனமே கொடுக்கும் கிட் இருந்தால் அதுதான் முதல் தேர்வு.

பரீட்சை நடக்கும் இடங்கள்

ஸ்டாண்டு சரியாக இருக்கிறதா என்பதைப் பட்டறையின் சிமென்ட் தரை முழுதாகச் சொல்லிவிடாது. அக்னி நட்சத்திர வெயிலில் சென்னைத் தார் சாலை இளகிக் கிடக்கும்போது, நின்ற இடத்திலேயே ஸ்டாண்டு மெல்ல மெல்லப் புதையும். காலையில் நேராக நின்ற வண்டி மதியம் சாய்ந்து கிடக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மணலோரம் நிறுத்துபவர்களுக்கும், தனுஷ்கோடி வரை போகிறவர்களுக்கும் இதே கதை. நெடுந்தூரம் ஓட்டுபவர்கள் பையில் ஒரு தட்டையான தகடோ மரத்துண்டோ வைத்திருப்பது இதற்காகத்தான். எதுவும் இல்லையென்றால் ஒரு தட்டைக் கல் போதும்.

மலையில் கணக்கு இன்னும் கறார். 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலையிலும், ஆழியாறிலிருந்து 40 வளைவுகள் ஏறிப்போகும் வால்பாறையிலும் சமதரையில் வண்டி நிறுத்தும் பாக்கியம் அடிக்கடி கிடைக்காது. முகப்பு மேட்டைப் பார்த்து இருக்கும்படி நிறுத்தி, முதல் கியரில் போட வேண்டும். இறக்கத்தைப் பார்த்து நிறுத்தினால் வண்டி முன்னால் உருளும்போது ஸ்டாண்டு தானாக மடங்கிக்கொள்ளும். வலது பக்கம் தாழ்ந்த தரையில் நிறுத்தவே கூடாது.

வீட்டில் எல்லோருக்கும் ஒரு சொல். நிற்கும் வண்டியில் குழந்தைகளை ஏற்றி உட்கார வைத்துப் படம் எடுப்பது பல வீடுகளில் வழக்கம். சைடு ஸ்டாண்டு எவ்வளவு சரியாக இருந்தாலும், பக்கத்தில் பெரியவர் ஒருவர் வண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்காமல் அதைச் செய்ய வேண்டாம். வண்டியை உயர்த்தியவர்கள் இன்னொன்றும் செய்யலாம். ஸ்டாண்டை விரித்து வண்டியைச் சாய்த்து, பின்னால் நான்கு அடி தள்ளி நின்று ஒரு தடவை பாருங்கள். பழைய படத்தில் நின்ற மாதிரியே நிற்கிறதா? இல்லையென்றால் அதுவரை செங்கல்லை நம்ப வேண்டாம். சுவரோரம், குழந்தைகள் விளையாடாத பக்கமாக நிறுத்திவையுங்கள். அடுத்த சனிக்கிழமை ஒரு நல்ல வெல்டிங் பட்டறைக்குப் போய் வாருங்கள். ஸ்டாண்டு ஆறும் வரை பக்கத்தில் டீ கிடைக்கும்.